இன்டர்ஃபெரானும் மனித செல்லின் கட்டமைப்புப் புரதங்களும்: அளவு மாறாமல் வடிவம் மட்டும் மாறுவது எப்படி?

இழையோன் எழுதியது:

மனித நுரையீரலின் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்களை மூன்று நாட்கள் இன்டர்ஃபெரான் பீட்டா என்ற வைரஸ் எதிர்ப்புக் குறிகைப் புரதத்தில் வைத்திருந்து, பிறகு ஆக்டின் இழைகளைக் காட்டும் ஃபாலாய்டின் சாயமிட்டுப் பார்க்கும்போது, செல்கள் அகன்று தட்டையாகப் பரவியிருப்பதையும், ஆக்டின் இழைக் கற்றைகள் தடித்து நீண்டிருப்பதையும் தெளிவாகக் காண முடிகிறது. ஆனால் அதே செல்களை முழுமையாகக் கரைத்து வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தின் அளவைப் பட்டையாகக் காட்டும் சோதனை) செய்தால், செல்லின் உட்சட்டகத்தை அமைக்கும் ஆக்டின், டியூபுலின், விமென்டின் ஆகிய மூன்றின் பட்டைகளும் இன்டர்ஃபெரான் படாத செல்களின் பட்டைகளிலிருந்து வேறுபடவில்லை. இன்டர்ஃபெரான் நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தூண்டுகிறது என்று படித்திருக்கிறோம். அப்படியிருக்க, கட்டமைப்புப் புரதங்களின் அளவைத் தொடாமலேயே அது செல்லின் உருவத்தை இவ்வளவு மாற்றுவது எவ்வாறு? இதைப் பற்றி ஆய்வகத்தில் பணிபுரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நுண்நோக்கி எழுதியது:

நீங்கள் பார்த்திருப்பது பழைய, உறுதியான ஒரு கண்டறிதல். ஐசக்ஸும் லிண்டன்மானும் 1957-இல் லண்டனில் இன்டர்ஃபெரானை விவரித்தபோது, வைரஸ் பெருக்கத்தைத் தடுக்கும் பொருளாகவே அதைக் கண்டார்கள். செல்லின் உருவத்தின் மீது அதற்குள்ள பிடி பின்னர்தான் கவனத்துக்கு வந்தது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஃபெஃபர், யூஜீனியா வாங், ஈகோர் டாம் ஆகியோர் 1980-இல் மனித ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை இன்டர்ஃபெரான் பீட்டாவில் வளர்த்து, செல்கள் பெரிதாவதையும், ஆக்டின் நுண்ணிழைக் கற்றைகள் மிகுவதையும், செல் பரப்பில் ஒட்டுப் புரதமான ஃபைப்ரோனெக்டினின் பரவல் மாறுவதையும், செல்கள் நகரும் வேகம் குறைவதையும் பதிவு செய்தார்கள். உங்கள் ஃபாலாய்டின் படம் அந்தப் பதிவோடு முழுமையாகப் பொருந்துகிறது.

முரணாகத் தோன்றும் இடத்துக்கு வருகிறேன். ஆக்டின் செல்லுக்குள் இரண்டு நிலைகளில் இருக்கிறது: தனித்தனி மூலக்கூறாகக் கரைந்திருக்கும் நிலை ஒன்று, ஏறத்தாழ 7 நானோமீட்டர் விட்டமுள்ள இழையாகக் கோக்கப்பட்ட நிலை மற்றொன்று. ஃபாலாய்டின் இழை நிலையில் உள்ள ஆக்டினோடு மட்டுமே ஒட்டும். சோடியம் டோடெசில் சல்ஃபேட்டில் கொதிக்கவைத்து ஓட்டப்படும் வெஸ்டர்ன் பிளாட், இரண்டு நிலைகளையும் ஒன்றாகக் கூட்டிக் காட்டும். ஆகவே உங்கள் இரண்டு கருவிகளும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. இன்டர்ஃபெரான் பெரும்பாலான செல்களில் மாற்றுவது கட்டமைப்புப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதையன்று. அது எங்கே இருக்கிறது, எதோடு பிணைந்திருக்கிறது, எவ்வளவு இழுவிசையில் நிற்கிறது என்பதையே. இதை மனத்தில் கொள்ளாமல் நடக்கும் ஆய்வுகள், "ஆக்டின் மாறவில்லை" என்ற ஒற்றை வரியோடு உண்மையான மாற்றத்தைக் கடந்துபோய்விடுகின்றன என்பது என் உறுதியான கருத்து. பீட்டா ஆக்டினை மற்ற அளவுகளைச் சமன்படுத்தும் ஒப்பீட்டுப் பட்டையாகவே பலர் பயன்படுத்துவதால், மாறியிருந்தாலும் அது கண்ணில் படாத சூழல்கூட உண்டு.

வெண்பனி எழுதியது:

நுண்நோக்கி அவர்கள் சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் ஒரு தடையை முன்வைக்க வேண்டும். இன்டர்ஃபெரான் பீட்டா ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களின் பிரிதலை மெதுவாக்குகிறது. பிரியாமல் நிற்கும் செல் வளர்ந்து அகலும். அகன்ற செல்லில் ஆக்டின் கற்றைகளும் ஒட்டுமையங்களும் தாமாகவே பெருகும். அப்படியானால் இழையோன் பார்க்கும் தடித்த கற்றைகள் இன்டர்ஃபெரானின் நேரடி விளைவா, அல்லது செல் சுழற்சி நின்றதன் பின்விளைவா? மூன்றாம் நாளில் எடுத்த ஒரு படத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. குறைந்த சீரத்தில் வளர்த்துப் பிரிதலை அதே அளவு மெதுவாக்கிய செல்களை இன்டர்ஃபெரான் இல்லாமல் ஒப்பிடுவது முதல் தேவை. ஒரு மணி, ஆறு மணி, இருபத்து நான்கு மணி நேரப் படங்கள் அடுத்த தேவை.

நுண்நோக்கி எழுதியது:

வெண்பனி அவர்களின் தடை நியாயமானது. கால வரிசையே இதற்கு நல்ல கருவி. முதல் வகை இன்டர்ஃபெரான் (ஆல்ஃபா, பீட்டா) தன் ஏற்பியோடு சேர்ந்த சில நிமிடங்களிலேயே ஜாக்-1, டைக்-2 நொதிகள் செயல்பட்டு, ஸ்டாட்-1, ஸ்டாட்-2 ஆகியவற்றில் பாஸ்பேட் ஏற்றப்படுகிறது. அவை ஐ.ஆர்.எஃப்-9 உடன் கூடி உட்கருவுக்குள் சென்று மரபணுக்களைத் தூண்டுகின்றன. அந்த மரபணுக்களின் புரதங்கள் போதிய அளவில் சேர்வதற்குப் பல மணி நேரம் ஆகும். இந்த வழிக்குப் பக்கத்திலேயே வேறொரு வழியும் திறக்கிறது: வாவ் புரதத்தில் பாஸ்பேட் ஏற்றப்படுகிறது, ராக்-1 என்ற சிறு ஜி-புரதம் செயலூக்கம் பெறுகிறது, பி38 கைனேஸ் (பாஸ்பேட் ஏற்றும் நொதி) அதைப் பின்தொடர்கிறது. ராக்-1 செல் விளிம்பில் ஆக்டின் இழைகள் வளர்வதை நெறிப்படுத்தும் முக்கியமான புரதங்களுள் ஒன்று. எனவே முதல் மணி நேரத்தில் விளிம்பில் ஏதேனும் மாற்றம் தெரிந்தால், அதைச் செல் சுழற்சியின் மீது ஏற்றிச் சொல்ல இயலாது.

இரண்டு வழிகளையும் பிரிக்க விரும்புவோருக்கு ஜார்ஜ் ஸ்டார்க், இயன் கெர் ஆகியோரின் ஆய்வுக்குழுக்கள் உருவாக்கிய திரிந்த செல் வரிசைகள் பெரும் கொடை. அவை எச்.டி.1080 என்ற மனித ஃபைப்ரோசார்கோமா செல்லிலிருந்து பெறப்பட்டவை. யூ3ஏ என்ற வரிசையில் ஸ்டாட்-1 இல்லை. யூ4ஏ-வில் ஜாக்-1 இல்லை. யூ1ஏ-வில் டைக்-2 இல்லை. யூ3ஏ-வில் உருமாற்றம் நிகழ்ந்து யூ4ஏ-வில் நிகழாமல் போனால், ஜாக்-1 தேவைப்படுகிறது, ஸ்டாட்-1 தேவைப்படவில்லை என்று துணிந்து சொல்லலாம். புற்றுச் செல்லின் சட்டகம் இயல்பான ஃபைப்ரோபிளாஸ்டின் சட்டகத்தைப் போன்றதன்று என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

குடல்வழி எழுதியது:

இதுவரை பேசப்பட்டது முதல் வகை இன்டர்ஃபெரானும் ஃபைப்ரோபிளாஸ்டும். இரண்டாம் வகையான காமா இன்டர்ஃபெரானையும், உறுப்புகளின் பரப்பை மூடும் எபிதீலியத்தையும் எடுத்துக்கொண்டால் காட்சி தலைகீழாகிறது. என் பணி இந்தப் பக்கத்தில் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

குடலின் எபிதீலியச் செல்கள் ஒன்றோடொன்று இறுக்கச் சந்திப்புகளால் பிணைந்து, தம் இடைவெளி வழியாக எது கடக்கலாம் என்பதைத் தீர்மானிக்கின்றன. அந்தச் சந்திப்பில் ஆக்லூடின், கிளாடின்கள், ஜாம்-ஏ ஆகிய சவ்வுப் புரதங்கள் உள்ளன. இசட்.ஓ.-1 போன்ற புரதங்கள் அவற்றை உள்ளே உள்ள ஆக்டின் வளையத்தோடு கட்டுகின்றன. மதாராவும் ஸ்டாஃபோர்டும் 1989-இல் டி84 என்ற மனித குடற்செல் அடுக்கில் காமா இன்டர்ஃபெரானைச் சேர்த்தபோது, அடுக்கின் குறுக்கே மின்தடை நாட்போக்கில் வீழ்ந்தது; அதாவது தடுப்பு கசியத் தொடங்கியது. பின்வந்த ஆய்வுகள் அதன் இயங்குமுறையைக் காட்டின. ஆக்லூடின், ஜாம்-ஏ, கிளாடின்-1 ஆகியவை சந்திப்பிலிருந்து கழன்று, மேக்ரோபினோசைட்டோசிஸ் என்ற பெருவிழுங்கல் வழியாகச் செல்லுக்குள் இழுக்கப்படுகின்றன. ரோ புரதமும், அது ஏவும் ராக் கைனேஸும், மயோசினும் அதற்கு வேண்டும். ஆக்டின் போர்த்திய பெரிய நுண்பைகள் செல்லுக்குள் தோன்றுகின்றன. (இந்த ராக் கைனேஸ், நுண்நோக்கி அவர்கள் குறிப்பிட்ட ராக்-1 அன்று, முன்னது இழுவிசையைக் கூட்டும் நொதி, பின்னது விளிம்பை விரிக்கும் ஜி-புரதம். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாக ஒலிப்பதால் இதைச் சொல்லிவிடுவது நல்லது.)

காமா இன்டர்ஃபெரானோடு டி.என்.எஃப். என்ற அழற்சிக் குறிகைப் புரதம் சேரும்போது நிலைமை மேலும் கடுமையாகிறது. காமா இன்டர்ஃபெரான் முதலில் டி.என்.எஃப். ஏற்பியைச் செல்லில் கூட்டி வைக்கிறது. அதன்பின் வரும் டி.என்.எஃப். மயோசின் சிறு சங்கிலிக் கைனேஸை மிகுவித்து, மயோசினில் பாஸ்பேட் ஏற்றி, ஆக்டின் வளையத்தைச் சுருங்கச் செய்கிறது. சுருங்கும் வளையம் சந்திப்புகளை இழுத்துத் திறக்கிறது. வாய்ப்பகுதியில் சுருக்குக்கயிறு கோத்த பையைக் கயிற்றைப் பிடித்து இழுத்தால் துணியின் தையல் எப்படி விரியுமோ, அப்படி. இந்த நிகழ்வில் ஆக்டினின் மொத்த அளவைத் தேடிப் பயனில்லை. மயோசின் சிறு சங்கிலியில் பாஸ்பேட் ஏறியிருக்கிறதா என்று பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

இழையோன் எழுதியது:

விரிவான விளக்கங்களுக்கு நன்றி. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு இன்டர்ஃபெரான்கள், ஒன்று சட்டகத்தை உறுதிப்படுத்துவதாகவும் மற்றொன்று தளர்த்துவதாகவும் நடந்துகொள்வது வகையின் வேறுபாடா, செல்லின் வேறுபாடா? குடற்செல்லில் முதல் வகையையும், ஃபைப்ரோபிளாஸ்டில் காமாவையும் வைத்துப் பார்த்தால் என்ன ஆகும்?

நாளநலம் எழுதியது:

இரண்டும் சேர்ந்த வேறுபாடு என்பதே என் விடை. இரத்த நாளத்தின் உட்புறத்தை மூடும் எண்டோதீலியத்தை எடுத்தால் அது தெளிவாகத் தெரியும். போபரின் ஆய்வுக்குழு 1986-இல் மனித எண்டோதீலியச் செல் அடுக்கில் காமா இன்டர்ஃபெரானையும் டி.என்.எஃப்-ஐயும் தனித்தனியாகவும் சேர்த்தும் வைத்துப் பார்த்தபோது, கூழாங்கல் பரப்பியதுபோல் அமைந்திருக்கும் செல்கள் நீண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதையும், ஆக்டின் இழைகள் மாற்றி அடுக்கப்படுவதையும், பரப்பிலிருந்த ஃபைப்ரோனெக்டின் குறைவதையும் கண்டார்கள். அதாவது அடுக்கின் ஒழுங்கு குலைகிறது.

மூளை இரத்தத் தடுப்பில் முதல் வகை இன்டர்ஃபெரான் இதற்கு எதிராக வேலை செய்கிறது. வெஸ்ட் நைல் வைரஸைப் பற்றி 2014-இல் வந்த ஆய்வில், முதல் வகை இன்டர்ஃபெரான் எண்டோதீலியத்தில் ராக்-1 பக்கம் சாய்ந்து சந்திப்புகளை இறுக்குவதும், டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1 ஆகியவை ரோ-ஏ பக்கம் சாய்ந்து அவற்றைத் தளர்த்துவதும் காட்டப்பட்டன. மூன்றாம் வகையான லாம்டா இன்டர்ஃபெரானும் தடுப்பை இறுக்குகிறது என்று 2015-இல் அறியப்பட்டது. அதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, அந்த இறுக்கத்துக்கு ஸ்டாட்-1 தேவைப்படவில்லை, புதிய புரதத் தயாரிப்பும் தேவைப்படவில்லை என்பதே. ஏற்கெனவே இருக்கும் சந்திப்புப் புரதங்கள் இடம் மாறியே தடுப்பு வலுப்பெற்றது. இவை பெரும்பாலும் எலியையும் எலியின் செல்களையும் வைத்துச் செய்யப்பட்டவை என்பதால், மனித செல்லுக்கு அப்படியே பொருத்திவிடாமல், சரிபார்க்க வேண்டிய வழிகாட்டியாகக் கொள்வது தகும்.

ஆகவே இழையோன் கேட்டதற்கு என் பதில்: ராக்-1, ரோ-ஏ ஆகிய இரண்டுக்கும் இடையிலான சமநிலையை அந்தச் செல் எங்கே வைத்திருக்கிறது, வந்து சேரும் இன்டர்ஃபெரான் அதை எந்தப் பக்கம் தள்ளுகிறது, உடன் வேறு எந்த சைட்டோகைன் (செல்களுக்கிடையே குறிகை ஏந்தும் புரதம்) இருக்கிறது ஆகியவற்றைக் கூறாமல் "இன்டர்ஃபெரான் சட்டகத்தை உறுதிப்படுத்தும்" என்றோ "குலைக்கும்" என்றோ எழுதுவது பிழையாகிவிடும்.

தோலியல்_வாசகர் எழுதியது:

அளவே மாறும் புரதங்களும் உண்டு. அவற்றை இந்த விவாதம் தவறவிடக் கூடாது. கெராட்டின்-17 அவற்றுள் தலையாயது. இயல்பான மனிதத் தோலின் மேற்பரப்பில், மயிர்க்கால்களுக்கு இடைப்பட்ட பகுதியில், இது காணப்படுவதில்லை. காமா இன்டர்ஃபெரான் பட்ட கெராட்டினோசைட் என்ற தோல் மேற்பரப்புச் செல்கள் ஸ்டாட்-1 வழியாக இந்த மரபணுவை இயக்கி, 10 நானோமீட்டர் இடைநிலை இழைகளில் கெராட்டின்-17-ஐச் சேர்த்துக்கொள்கின்றன. சொரியாசிஸ் நோயுள்ள தோலில் இது மிகுந்து காணப்படுவது நீண்டகாலமாக அறியப்பட்டது. இங்கே வெஸ்டர்ன் பிளாட்டே போதும். பட்டை இல்லாத இடத்தில் பட்டை தோன்றும். டியூபுலினிலும் அளவு மாற்றம் பற்றிய பழைய பதிவு உண்டு: மனித லிம்ஃபோபிளாஸ்டாய்டு என்ற வெள்ளையணு வகைச் செல்களில் இன்டர்ஃபெரானால் டியூபுலினின் செய்தி ஆர்.என்.ஏ. அளவு மாறுவதை 1982-இல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் டியூபுலின் தன் செய்தி ஆர்.என்.ஏ-வின் நிலைப்பைத் தானே கட்டுப்படுத்தும் புரதம் என்பதால், ஆர்.என்.ஏ. மாறியது என்பதிலிருந்து புரதம் மாறியது என்று தாவ முடியாது.

செல்லுக்கு வெளியே உள்ள கட்டமைப்பைப் பார்த்தால், காமா இன்டர்ஃபெரான் ஃபைப்ரோபிளாஸ்டில் முதல் வகைக் கொலாஜனின் மரபணுப் படியெடுப்பைக் குறைக்கிறது. கொலாஜனை மிகுவிக்கும் டி.ஜி.எஃப். பீட்டாவின் வழியை அது ஸ்மாட்-7 என்ற தடுப்புப் புரதத்தைத் தூண்டித் துண்டிக்கிறது என்று 1999-இல் காட்டப்பட்டது. இந்த அறிவின் மீது எழுந்த நம்பிக்கையே நுரையீரல் நார்மிகை நோய்க்குக் காமா இன்டர்ஃபெரானைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகளுக்கு உந்துதலாயிற்று. 826 நோயாளிகளைக் கொண்டு நடந்த இன்ஸ்பயர் ஆய்வு உயிர்பிழைப்பில் பயன் காணாமல் இடையிலேயே நிறுத்தப்பட்டு, 2009-இல் வெளியானது. வளர்ப்புத் தட்டில் கொலாஜனைக் குறைத்த அதே மூலக்கூறு, நோயாளியின் வடுப்பட்ட நுரையீரலில் ஆயுளைக் கூட்டவில்லை. அந்த நோயாளிகளும் அவர்களின் குடும்பத்தினரும் வைத்திருந்த எதிர்பார்ப்பை எண்ணும்போது, தட்டில் கிடைக்கும் முடிவுகளை எழுதும்போது நாம் சொற்களை அளந்து எழுதக் கடமைப்பட்டிருக்கிறோம் என்றே தோன்றுகிறது.

புதுமுகம் எழுதியது:

லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோயுள்ளவர்களின் சிறுநீரகத் திசுவை மின்னணு நுண்ணோக்கியில் பார்க்கும்போது, எண்டோதீலியச் செல்லுக்குள் குழாய்க் கூட்டங்கள் தென்படுவதாகவும், அவை இன்டர்ஃபெரானின் சுவடு என்று அழைக்கப்படுவதாகவும் படித்தேன். இன்டர்ஃபெரான், டியூபுலினால் ஆன நுண்குழல்களைக் குவித்துவிடுகிறது என்பதற்கு இது சான்றாகுமா?

நுண்நோக்கி எழுதியது:

ஆகாது, நண்பரே. அவற்றின் விட்டமும் நுண்குழலின் விட்டமும் ஏறத்தாழ 25 நானோமீட்டர் என்பதால் இந்த ஐயம் பலருக்கும் எழுகிறது. ஆனால் நீங்கள் சொல்பவை எண்டோபிளாச வலையின் உட்குழிவுக்குள் உருவாகும் சவ்வுக் குழாய்கள். டியூபுலினால் ஆனவை அல்ல. லூபஸிலும் எச்.ஐ.வி. தொற்றிலும் அவை காணப்படுகின்றன. வளர்ப்பில் உள்ள மனித லிம்ஃபோபிளாஸ்டாய்டு செல்களில் ஆல்ஃபா இன்டர்ஃபெரானைச் சேர்த்தும் அவற்றை உண்டாக்கலாம். இன்டர்ஃபெரான் செயல்பட்டதற்கு அவை நல்ல அடையாளம். செல் சட்டகம் மாறியதற்கு அவை அடையாளம் அல்ல.

கொக்கிப்புரதம் எழுதியது:

இன்டர்ஃபெரான் தூண்டும் புரதங்களுள் சில நேராகவே சட்டகத்தோடு கைகோக்கின்றன என்பதை யாரும் இன்னும் எழுதவில்லை. எனக்கு இந்தப் பகுதியே மிகவும் ஈர்ப்புடையது. காமா இன்டர்ஃபெரானால் மிகுதியாகத் தூண்டப்படும் ஜி.பி.பி.-1 என்ற, ஜி.டி.பி-யை (GTP) உடைக்கும் பெரிய நொதி, ஆக்டினோடு பிணைந்து இழைகளின் அமைப்பை மாற்றுகிறது. எண்டோதீலியத்தில் செல் பெருக்கத்தையும் நகர்வையும் அது அடக்குகிறது. செல்லை விட்டு வெளியேறும் வைரஸ் துகள்களைச் சவ்வோடு பிடித்துவைக்கும் டெதரின், எபிதீலியச் செல்லின் மேற்புறத்தில் இடைப் புரதங்கள் வழியாக ஆக்டின் வலையோடு கட்டப்பட்டு, அந்த வலையின் ஒழுங்கைக் காக்கிறது. வைரஸ் ஆர்.என்.ஏ-வை வெட்டும் நொதியாகவே நாம் அறிந்த ஆர்.என்.ஏஸ்-எல், ஆக்டின் இழைகளைக் குறுக்கே பிணைக்கும் ஃபிலமின்-ஏ உடன் சேர்ந்து, சவ்வுக்குக் கீழே வைரஸ் நுழைவுக்கு ஒரு தடையை அமைக்கிறது.

ஐ.எஸ்.ஜி.-15 இன்னொரு வழி. மற்றப் புரதங்களில் குறியாக ஒட்டப்படும் யுபிக்விட்டினை ஒத்த இந்தச் சிறு புரதம் முதல் வகை இன்டர்ஃபெரானால் பெருகி, மற்றப் புரதங்களின் மீது ஒட்டப்படுகிறது. ஒட்டும் நொதியான ஹெர்க்-5 ரைபோசோம்களோடு இணைந்திருப்பதால், புதிதாகத் தயாராகும் புரதங்களே பெரும்பாலும் இலக்காகின்றன. ஃபிலமின்-பி இவ்வாறு குறியிடப்படும் புரதங்களுள் ஒன்று. குறியிடப்பட்ட பின் அது ஜே.என்.கே. குறிகைக்குத் தளமாக நிற்பதை விட்டுவிடுகிறது. கட்டமைப்புப் புரதம் வெறும் தாங்குதூணாக இல்லாமல், குறிகைகளை ஏந்தும் மேடையாகவும் இருக்கிறது என்பதை இது காட்டுகிறது.

செல் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்ற கேள்வி இயல்பாக எழும். வாக்சினியா வைரஸ் ஆக்டின் வாலை வளர்த்துக்கொண்டு அடுத்த செல்லுக்குள் பாய்கிறது. ஹெர்பிஸ் வைரஸின் புரதக் கூடு டைனீன் மோட்டாரைப் பற்றிக்கொண்டு நுண்குழல் வழியே உட்கருவை அடைகிறது. சட்டகம் வைரஸின் பாதையாக இருக்கும்போது, அந்தப் பாதையைக் கடினமாக்குவது தற்காப்பாகலாம். ஆனாலும் மேலே சொன்ன ஒவ்வொரு மாற்றத்துக்கும் இப்படி ஒரு நோக்கத்தைக் கற்பிப்பதை நான் ஏற்கவில்லை. குடல் தடுப்பு கசிவதால் செல்லுக்கு என்ன நன்மை என்று எவரும் எளிதில் சொல்லிவிட முடியாது.

வெண்பனி எழுதியது:

காமா இன்டர்ஃபெரானும் டி.என்.எஃப்-உம் சேர்ந்தால் பல செல்கள் இறக்கவும் தொடங்கும். இறக்கும் செல்லில் காஸ்பேஸ் நொதிகள் கெராட்டின்-18-ஐயும் லாமின்களையும் (உட்கருவின் சட்டகப் புரதங்கள்) வெட்டுகின்றன. அந்தத் துண்டுகளைப் பார்த்துவிட்டு இன்டர்ஃபெரான் கெராட்டினைச் சிதைக்கிறது என்று எழுதிவிடும் இடர் இருக்கிறது. குடற்செல்லில் கண்ட கசிவு செல் இறப்பால் அல்ல என்பதைக் காஸ்பேஸ் தடுப்பானை வைத்தே நிறுவ வேண்டியிருந்தது என்பதைக் குடல்வழி அவர்கள் அறிவார்.

குடல்வழி எழுதியது:

ஆம். காஸ்பேஸ் தடுப்பான் இருந்தபோதும் மின்தடை வீழ்ந்தது. ஆக்லூடினும் உள்ளே போனது. அந்த ஒப்பீடு இல்லாமல் இந்தத் துறையில் எந்த முடிவையும் நான் ஏற்பதில்லை.

இழையோன் எழுதியது:

இந்த இழையைப் படித்த பிறகு என் ஆய்வை இவ்வாறு மாற்றத் திட்டமிட்டிருக்கிறேன். டிரைட்டன் என்ற சோப்புவகைக் கரைசலில் கரையும் பகுதியையும் (தனி மூலக்கூறு) கரையாத பகுதியையும் (இழை) தனித்தனியே பிரித்து ஆக்டினை அளப்பேன். சமன்படுத்துவதற்குப் பீட்டா ஆக்டினை விட்டுவிட்டு, பொன்சோ சாயத்தால் மொத்தப் புரதத்தைக் கணக்கிடுவேன். குறைந்த சீரத்தில் வளர்த்த செல்கள் ஒரு கட்டுப்பாடாகவும், ஜாக் நொதித் தடுப்பானான ருக்சோலிட்டினிப் சேர்த்த செல்கள் மற்றொரு கட்டுப்பாடாகவும் இருக்கும். இதில் விடுபட்டது ஏதேனும் உண்டா?

நாளநலம் எழுதியது:

இரண்டு உண்டு. நீங்கள் வாங்கும் இன்டர்ஃபெரான் பாக்டீரியாவில் தயாரிக்கப்பட்டதாக இருந்தால், அதில் எண்டோடாக்சின் (பாக்டீரியாவின் உறையிலுள்ள நச்சு) எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். எண்டோடாக்சின் தானாகவே ஆக்டினைக் குலைக்கும், எண்டோதீலியத்தில் அது மிகக் கூடுதல். கொதிக்கவைத்துச் செயலிழக்கச் செய்த இன்டர்ஃபெரானை ஒரு தட்டில் சேர்த்துப் பார்த்தால் ஐயம் தீரும், ஏனெனில் எண்டோடாக்சின் அந்த வெப்பத்தைத் தாங்கும், இன்டர்ஃபெரான் காமாவோ பீட்டாவோ தாங்குவது அரிது. அடுத்தது, ருக்சோலிட்டினிப் ஜாக்-1, ஜாக்-2 இரண்டையும் தடுப்பதால், அது உருமாற்றத்தை நிறுத்திவிட்டால் ஸ்டாட்-1 வழியா, ராக்-1 வழியா என்ற கேள்விக்கு விடை கிடைக்காது. இரண்டும் அதற்குக் கீழேயே பிரிகின்றன. ராக்-1 தடுப்பானை மூன்றாவது கட்டுப்பாடாக வைத்து, முதல் மணி நேரப் படத்தையும் மூன்றாம் நாள் படத்தையும் தனித்தனியே மதிப்பிடுங்கள்.